பச்சைப் பைக்கு ஒரு சொத்து எண்

தாஷூ தீவுக் குடிப்பதிவு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அலுவலகத் தலைவர் கோ அன்றைக்குப் பொழுது முழுவதும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கெட்டுப்போச்சுன்னு யாரும்மா சொன்னது?” என்றார் மிங்-ஜூவிடம். “அது தொடங்கல. அவ்வளவுதான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“எப்படி ஒண்ணாகும்? கெட்டுப்போனா நான் மேல எழுதணும். தொடங்கலைன்னா நீங்க உக்காரணும்.”

மிங்-ஜூ உட்கார்ந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் சிப்பி ஆம்லெட் கடை வைத்திருப்பவள். முப்பத்தாறு வயதில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஆ-ஹாய், இரவல் கோட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். அவன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். நேற்று முழுக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

அவன் கப்பல் மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. திரும்பி வர இருபது மாதம். மிங்-ஜூவுக்கு இது நாலாம் மாதம். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் கல்யாணம் பதிவாகாவிட்டால், பிள்ளை பிறந்து பேர் பதியும்போது அப்பா பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும். அதை நிரப்ப வேண்டியவன் ஏதோ ஒரு கடலில் சூரை மீன்களோடு இருப்பான்.

மோதிரம் மாற்றியாயிற்று. சாட்சிக் கையெழுத்து இரண்டும் வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது கம்ப்யூட்டரின் சம்மதம் ஒன்றுதான்.

காலையில் “பத்து நிமிஷம்” என்றார் கோ. அந்தப் பத்து நிமிடம் முடிவதற்குள் பெரிய தீவுக்குப் போகும் பதினொரு மணிப் படகு போய்விட்டது. தாஷூவுக்கு ஒரு நாளைக்கு ஒரு படகுதான். ஆகவே வேறு அலுவலகத்துக்குப் போகும் யோசனையும் அந்தப் படகிலேயே ஏறிப் போயிற்று.

“கையால எழுதிக்கக் கூடாதா சார்?” என்று ஆ-ஹாய் கேட்டான். “மெஷின் இல்லாத காலத்துல எங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் பதியலையா?”

“அதுக்குன்னு அவசரப் படிவம் இருக்கு தம்பி. எங்க நிர்வாகம் எதையும் யோசிக்காம விடாது.”

“குடுங்க சார், எழுதிடறோம்.”

“கம்ப்யூட்டர்லேர்ந்துதான் எடுக்கணும்.”

கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று என்றால், முந்தைய நாள் அதற்கு மூளை மாற்றினார்கள். மாவட்டத்தில் ‘அலுவலக வேக உயர்வுத் திட்டம்’ என்று ஒன்று வந்திருந்தது. அதன்படி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பழைய ப்ராசஸரை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். அதற்காகப் பெரிய தீவிலிருந்து வந்தவர் பான் என்ற ஒப்பந்தக்காரர். ஐம்பது வயது, படகு ஒத்துக்கொள்ளாத வயிறு. அவர் பழையதை எடுத்தார், பசையைத் துடைத்தார், புதியதை வைத்தார், மேலே விசிறியைத் திருகினார். தலைவர் கோ கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ‘பணி முழுமையாக நிறைவேறியது, வேகம் கண்கூடாக உயர்ந்துள்ளது’ என்ற அறிக்கை அவருடைய கைபேசியிலிருந்து மாவட்டத்துக்குப் பறந்தது.

அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினார்கள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளே மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பான் மேஜைக்கடியில் குந்தியிருந்தார். நினைவகப் பட்டைகளைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். பித்தான் மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தார். நாலு கம்பி ஒயரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு வெளியே தலையை நீட்டினார்.

“எல்லாம் சரியா இருக்கு. மதர்போர்டுக்கு இந்தப் புதுசை அடையாளம் தெரியல.”

“அப்படின்னா அண்ணே?” என்றாள் மிங்-ஜூ.

“போர்டுக்குள்ள ஒரு சின்னக் குறிப்பேடு இருக்கும்மா. எந்தெந்த ப்ராசஸர் நம்ம வீட்டு ஆளுன்னு அதுல எழுதியிருக்கும். இது போர்டுக்கு அப்புறம் பொறந்தது. குறிப்பேட்டுல பேர் இல்ல. அதான் வாசல்லயே நிக்க வச்சிருக்கு.”

“பேரை எழுதிட வேண்டியதுதானே?”

“எழுதணும்னா மெஷின் தொடங்கணும். தொடங்கணும்னா பேர் இருக்கணும்.”

“இது யார் வீட்டு மாமியார்?” என்றாள் மிங்-ஜூ.

பான் சிரித்துவிட்டார். நேற்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் சிரிப்பு. “வழி இருக்கும்மா. பழைய ப்ராசஸரைப் பத்து நிமிஷம் திரும்பப் போட்டா, பழகின ஆளு, கதவு தொறக்கும். நான் உள்ள போய்ப் புதுசோட பேரை எழுதிட்டு மாத்திடுவேன்.”

மிங்-ஜூ கோவைப் பார்த்தாள். கோ சொத்துப் பிரிவு அலுவலர் தியென் அம்மாளைப் பார்த்தார். தியென் அம்மாள் தன் மேஜை மேலிருந்த முத்திரை வைத்த உறையைப் பார்த்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“பழையதை அழிச்சாச்சு” என்றாள்.

“உங்க கைக்கடியில இருக்கே, அது என்ன அக்கா?”

“காகிதத்துல அழிச்சாச்சு. சுத்தியலால அழிக்கிறது அடுத்த மாசம், கமிட்டி வந்தப்புறம். நடுவுல உள்ள காலத்துல அது இல்ல.”

“இல்லாததுக்கா முத்திரை வச்சிருக்கீங்க?”

“இல்லாததுக்குத்தாம்மா வைக்கணும். இருக்கறதை யாரு வேணும்னாலும் பாத்துக்கலாமே.”

கோ தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் பேச்சு வரப்போகிறது என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். “சொத்து ஒரு பக்கம் இருக்கட்டும். பழையதைத் திரும்பப் போடறதுன்னா என்ன அர்த்தம்? நிறைவேறிய பணியை நிறைவேறாததா ஆக்கறது. அறிக்கை போயிடுச்சு. மாவட்டத்துல கைதட்டியாச்சு. இப்ப கம்ப்யூட்டர்தான் அறிக்கையோட ஒத்துப்போகணுமே தவிர, அறிக்கை கம்ப்யூட்டரோட ஒத்துப்போக முடியாது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் அனுப்பின ஒரு அறிக்கை கூடப் பொய்யானது கிடையாது. ஆகவிட்டதே கிடையாது.”

“அப்ப மெஷின் ஏன் சார் ஓடல?” என்றான் ஆ-ஹாய்.

“அதைத்தான் விசாரிக்கணும்.”

மணி இரண்டேகால். விசாரணைக் குழு அங்கேயே அமைந்தது. தலைவர் கோ, உறுப்பினர் தியென். குழு கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு முறை நடந்தது. திரையைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள்ளும் பார்க்கவில்லை. பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்த பச்சை நிறப் பொரிப் பையைப் பார்த்தது.

அந்தத் தேங்காய்ப்பால் சோளப்பொரி இல்லாமல் இந்த நாட்டில் எந்த மெஷினும் ஓடாது. பையிலேயே ‘சமத்தா இரு’ என்று அச்சடித்திருக்கும். ஆஸ்பத்திரிக் கருவிமேல் இருக்கும், பண மெஷின்மேல் இருக்கும், ஆ-ஹாயின் கப்பலில் எஞ்சின்மேல் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் முறுக்கிக்கொள்ளும். தின்னக் கூடாது. கெடு தேதி தாண்டக் கூடாது. மிங்-ஜூவும் தன் கடை ஐஸ் பெட்டிமேல் ஒன்று வைத்திருந்தாள், இரண்டு மாதம் முன்பு வரை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேறெதுவும் இறங்காமல் அந்தப் பொரி மட்டும்தான் இறங்கியது. ஐஸ் பெட்டியின் பை முதலில் போயிற்று. பிறகு மளிகைக் கடையிலிருந்த பைகளும் ஒவ்வொன்றாகப் போயின. இதை அவள் ஆ-ஹாயிடம் கூடச் சொல்லவில்லை.

இந்த அலுவலகத்துப் பைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதன் வயிற்றில் சொத்து எண் ஒட்டியிருந்தது. இரண்டு வருடம் முன்பு தணிக்கைக்கு வந்தவர், ‘இது உணவா, உபகரணமா?’ என்று கேட்டுவிட்டார். தியென் அம்மாள் மூன்று மாதம் கடிதம் எழுதி விடை வாங்கினாள்: ‘நுகர்பொருள் வகை உபகரணம், நுகரத் தடை.’

தியென் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பையின் ஓரத்தைப் படித்தாள். முகம் வெளுத்தது.

“தலைவரே. கெடு தேதி முடிஞ்சு பதினோரு நாள் ஆகுது.”

கோ நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “ஆக, பணியில குறை இல்ல! பையிலதான் குறை! எழுதிக்கங்க.”

“பதினோரு நாளா அது நல்லாத்தானே ஓடிச்சு?” என்றார் மேஜைக்கடியிலிருந்து பான்.

“பொறுத்துக்கிட்டு இருந்திருக்கு” என்றார் கோ. “அரசாங்க மெஷின். பொறுமை பழகினது. புதுப் பை வைங்க, ஓடும். வைக்காம யாரும் பொத்தானைத் தொடக் கூடாது.”

“போன வருஷம் சுகாதார நிலையத்துல அவசரத்துக்கு மஞ்சள் பை வச்சாங்க” என்றாள் தியென் அம்மாள் தாழ்ந்த குரலில். “தீவு முழுக்க ஒரே நாள்ல பொறந்ததா அட்டை அடிச்சுக் குடுத்துச்சு. எங்க மாமியாரும் நானும் இரட்டைப் பிள்ளைங்க.”

மளிகைக் கடைக்குத் தொலைபேசினார்கள். பச்சை இல்லை, நாளைப் படகில்தான் வரும் என்றார்கள். “எல்லாத்தையும் ஒரே ஆள் வாங்கிட்டுப் போயிடுச்சு” என்று கடைக்காரர் சொன்னது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. மிங்-ஜூ செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரே ஒரு பை மிச்சம் இருந்தது. பரவாயில்லை, மானம் போனாலும் போகட்டும், எடுத்து வருகிறேன் என்று சொல்ல அவள் நிமிர்ந்தபோது ஆ-ஹாய் அங்கே இல்லை. கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது.

அரை மணியில் அவன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். கையில் கயிற்றுத் தடம் விழுந்த பச்சைப் பை.

“எங்கேயிருந்து எடுத்த?” என்றாள்.

“கப்பல்லேர்ந்து. எஞ்சின் மேல இருந்தது.”

“ஐயோ, உங்க கேப்டன்?”

“தூங்கறார். ஆறு மணிக்குள்ள கொண்டுபோய்க் கட்டிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு இரவல்.”

பை பெட்டியின் தலையில் ஏறியது. கோ கைகூப்பினார். பொத்தானை அவரே அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. சிவப்பு விளக்கு.

மணி மூன்றேமுக்கால்.

“புதுசா வேலைக்கு வந்திருக்கு” என்றார் கோ கடைசியில். “இடம் பழகணும். எங்களுக்கெல்லாம் ஆறு மாசம் குடுத்தாங்க.”

“ஆறு மாசமா!” மிங்-ஜூவின் குரல் உடைந்தது. “அதுக்குள்ள இது பொறந்து தவழ்ந்துடும் சார்!”

ஆ-ஹாய் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரை வெறித்தாள். அங்கே ‘சொத்து அழித்தல் விதிகள், பதினேழு’ தொங்கியது. படிக்க வேறெதுவும் இல்லாததால் காலையிலிருந்து அதை மூன்று தடவை படித்திருந்தாள். நாலாவது தடவை ஒன்பதாம் விதியில் கண் நின்றது.

“தியென் அக்கா” என்றாள், ஆம்லெட் வேண்டுமா என்று கேட்கிற குரலில். “அந்த உறைக்குள்ள இருக்கிறது செத்துப்போச்சா?”

“அதான் அழிச்சாச்சுன்னு சொன்னேனே.”

“அழிச்சீங்க, சரி. செத்துப்போனதைத்தானே அழிக்கணும்? எங்க கடையிலகூட முட்டை கெட்டுப்போச்சுன்னா ஒடைச்சு மோந்து பாத்துட்டுத்தான் தூக்கிப் போடுவோம். ஒன்பதாம் விதியில ‘உயிருள்ள சொத்தை அழித்தவர் தணிக்கைக் குழு முன் நின்று பதில் சொல்ல வேண்டும்’னு இருக்கே. செத்துடுச்சுன்னு யார் பாத்தது?”

தியென் அம்மாள் படிவத்தை எடுத்தாள். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக் கடைசிக்கு முந்தியதில் நின்றது. ‘செயலிழந்ததை நேரில் சோதித்தவர்.’ கட்டம் வெள்ளையாக இருந்தது.

“தலைவரே” என்றாள். “நாம உயிரோட அழிச்சுட்டோம் போலிருக்கு.”

“நாம இல்ல, நீங்க” என்றார் கோ அனிச்சையாக. பிறகு, படிவத்தின் அடியில் தன் கையெழுத்தையும் பார்த்தார். “நாமதான்.”

“சோதிச்சுட்டா முடிஞ்சுது” என்றாள் மிங்-ஜூ. “எங்கே வச்சுச் சோதிக்கிறது அண்ணே?”

பான் மேஜைக்கடியிலிருந்து அவளைப் பார்த்த பார்வையில் வணக்கமே இருந்தது. “வேற எங்கம்மா? இந்தப் பெட்டிலதான்.”

கோ நெற்றியைத் துடைத்தார். “திரும்பப் போடறது இல்லையே? சோதிக்கிறதுதானே?”

“சோதிக்கிறதுதான்.”

“எழுதிக்கங்க: திரும்பப் போடல. சோதிச்சோம்.”

முத்திரை உடைக்கப்பட்டதற்கு ஒரு கையெழுத்து. உறை திறந்ததற்கு ஒரு கையெழுத்து. தீப்பெட்டி அளவிலான அந்தத் தகட்டை வெளியே எடுத்ததற்கு இரண்டு. மணி நாலே பத்து. பான் விசிறியைக் கழற்றினார், புதியதை எடுத்தார், மூலையிலிருந்த முக்கோணக் குறியைப் பொருத்திப் பழையதை இறக்கினார், கொக்கியைப் பூட்டினார். பொத்தான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. திரை நீலமாக மலர்ந்தது.

“உயிரோட இருக்கு!” என்று அலறினாள் தியென் அம்மாள், துக்கத்தோடு.

“பை வேலை செய்யுது!” என்றார் கோ, கண் கலங்கி.

“இப்பவே பதிஞ்சுடுங்க சார்!” என்றான் ஆ-ஹாய்.

“முடியாது தம்பி. அறிக்கைப்படி பழையது இந்தப் பெட்டிக்குள்ள இல்ல. இல்லாததை வச்சுப் பண்ணின கல்யாணம் செல்லுமா? உன் நன்மைக்குத்தான் சொல்றேன்.”

பான் இதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நினைவகக் குச்சியை எடுத்துச் செருகியிருந்தார். “போர்டோட குறிப்பேட்டுல புதுசோட பேரை எழுதறேன். ஏழு நிமிஷம். இந்த ஏழு நிமிஷத்துல கரண்ட் மட்டும் போகக் கூடாது. போனா போர்டு பொணம்தான்.”

திரையில் ஒரு கோடு எறும்பாய் ஊர்ந்தது. நாற்பது சதம். எழுபது சதம். சுவர்க் கடிகாரம் நாலரை அடித்தது. தியென் அம்மாள் எழுந்து, இருபது வருடப் பழக்கத்தில், மின்சிக்கன விதிப்படி மூடுவதற்கு அரை மணி முன்பே அணைக்க வேண்டிய மெயின் சுவிட்சை நோக்கி நடந்தாள். கை அதன்மேல் விழுந்த நொடியில் மிங்-ஜூ பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எனக்கு மயக்கமா வருது. கையை விடாதீங்க.”

“ஐயோ, உக்காரும்மா!”

“உக்காந்தா வாந்தி வரும். இப்படியே நில்லுங்க.”

நின்றார்கள். கோடு நூறைத் தொட்டது. மயக்கம் தெளிந்தது. பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போயிற்று, பொத்தான், திரை நீலம். மதர்போர்டு ஒரு வார்த்தை பேசாமல் புதியதை உள்ளே விட்டது.

“பாத்தீங்களா?” கோ பையைத் தடவிக்கொடுத்தார். “ஐம்பத்தாறு நிமிஷத்துல இடம் பழகிடுச்சு. நாங்க எடுத்துக்கிட்டது ஆறு மாசம்!”

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கல்யாணம் பதிவாயிற்று. மிங்-ஜூ தன் புது அடையாள அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவன் பெயர்க் கட்டத்தில் பெயர் இருந்தது. ஆ-ஹாய் மூக்கை உறிஞ்சினான். பான் கைதட்டினார். பிறகு ஆ-ஹாய் பெட்டிமேலிருந்த பையை எடுக்கப் போனான்.

“தொடாதே தம்பி!” என்றாள் தியென் அம்மாள். பையின் வயிற்றில் புதுச் சொத்து எண் பளபளத்தது. பசை கூடக் காயவில்லை. “பதிவேட்டுல ஏறியாச்சு. எடுக்கணும்னா அழிக்கணும். அழிக்கணும்னா கமிட்டி.”

“கப்பல் பை அக்கா அது!”

“கெடு தேதி வரைக்கும் அரசாங்கப் பை.”

ஐந்தரைக்குக் கேப்டன் அலுவலக வாசலுக்கு வந்தார். குரல் அவருக்கு முன்னால் வந்தது. “எஞ்சின் மேலேர்ந்து பையை எவன்டா அவுத்தது? வெறும் எஞ்சினை வச்சுக்கிட்டு இருபது மாசம் கடலுக்குப் போகச் சொல்றியா? என் பிள்ளைகுட்டிங்களுக்கு யாருடா பதில் சொல்றது?” அவர் பூட்டிய கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. மின்சிக்கனம். அவர் மளிகைக் கடைக்குப் போனார், சுகாதார நிலையத்துக்குப் போனார், மஞ்சள் பை கொடுத்த ஒருவரை அடிக்கப் போனார். கடைசியில் மிங்-ஜூ முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார்.

“நாளைப் படகுல பச்சை வந்தப்புறம்தான் நங்கூரம் எடுப்பேன். ஏம்மா, உன் வீட்டுல ஒண்ணும் இல்லையே?”

“எனக்கு எதுக்கு கேப்டன்? என்கிட்ட மெஷினா இருக்கு?” என்றாள் மிங்-ஜூ.

ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசற்படியில் ஆ-ஹாய் இரவல் கோட்டை மடித்து வைத்துவிட்டு, நாளைக்குக் கேப்டனிடம் வாங்கப்போகும் வசவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிங்-ஜூ உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். வெளியே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சைப் பையின் வாயைப் பல்லால் கிழித்தாள்.

ஆ-ஹாய் பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். துறைமுகத்தில் கேப்டன் இன்னும் யாரையோ திட்டும் சத்தம் காற்றில் வந்தது.

“அடிப்பாவி” என்றான். “மளிகைக் கடைக்காரர் சொன்ன அந்த ஒரே ஆள்...”

“ஒரே ஆள் இல்ல, ரெண்டு பேர்” என்று வயிற்றைக் காட்டினாள் மிங்-ஜூ. “வாயைத் தொற.”